யார் முதுகில் யார்

கியோத்தோ
பிப்ரவரி 4, 1991

தங்கை கயனோவுக்கு,

நம் முற்றத்து பிளம் மரத்தில் தெற்குப் பக்கத்துக் கிளை மட்டும் பூத்திருக்கிறது. காலையில் தண்ணீர்த் தொட்டியில் இன்னும் பனிக்கட்டி. நீயும் மாப்பிள்ளை தகஹிசாவும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் நடுவில் நாகஹாமா ஏரிக்கரைக் கோவிலின் மேடையைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள். விழாக் குழுத் தலைவர் சோயா சாஸ் ஆலை வைத்திருப்பவர். அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. நம் இச்சினோசே வீடும் நீ வாழ்க்கைப்பட்ட தொகுசா வீடும் சேர்ந்து ஒரே கியோகென் சிரிப்பு நாடகம் போட வேண்டுமாம், அதுவும் அண்ணனும் தங்கையுமாக. இரண்டு வீட்டுக்கும் பாணி வேறு, வசனம் வேறு, கலந்ததாகச் சரித்திரமே கிடையாது என்று நான் அழகாக எடுத்துச் சொன்னேன். மனிதர் என்னை விட்டுவிட்டு நேரே அப்பாவிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் 'முடியாது' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் சொன்னது இது: "ஒரே ஒரு தடவை. ஜனம் சிரிச்சா அடுத்த வருஷமும் பாக்கலாம். சிரிக்கலேன்னா அத்தோட சரி. அவ அந்த வீடு, நாம இந்த வீடு." அதோடு நிற்கவில்லை. "எஜமான் வேஷம் நான் கட்டறேன்" என்றார்.

நாடகம், கால் கட்டிய வேலைக்காரர்கள் கதை. எஜமான் பூப் பார்க்கப் போகிறார், சாராயப் பீப்பாயை உயரத்தில் தொங்கவிட்டு, இரண்டு வேலைக்காரர்களின் காலையும் ஒரே கயிற்றால் பிணைத்துவிட்டுப் போகிறார். ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி அவர்கள் பீப்பாயைப் பிடிக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இதைப் போடுவதாகக் கேள்விப்பட்டேன். நான் மூத்த வேலைக்காரன், நீ இளையவன். வயசுப்படியும் அதுதான் முறை.

சம்மதமா என்று எழுது. போன் செய்யாதே, போன் அப்பா அறையில் இருக்கிறது.

உன் கல்யாண விஷயத்தைப் பற்றி ஆறு வருடமாக யோசித்துவிட்டேன். உன் சிரிப்பு தப்புதான்.

மொதோயசு


நகோயா
பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறவன் பிளம் பூவில் ஆரம்பிக்கிறான் பார்! உன் பூவையும் பனிக்கட்டியையும் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டேன்.

படித்து முடித்ததும் கையில் இருந்த முள்ளங்கியோடு வீடு முழுக்க ஓடினேன். தகஹிசா முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். "என்னாச்சு, நெருப்பா?" என்று பாதி நுரையோடு வெளியே வந்தார். "எங்கப்பா என்கூட மேடை ஏறப் போறாருங்க!" என்று கத்தினேன். அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உனக்கு இது புரியாது. பதின்மூன்று வயதில், "போதும், இனி நீ மேடைப் பலகையில கால் வைக்க வேண்டாம்" என்று என் விசிறியை வாங்கி உள்ளே வைத்தவர் அவர். பெண் பிள்ளைக்கு அதற்கு மேல் மேடை கிடையாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். இந்த வீட்டில் மாமனார் அந்தச் சட்டத்தை எல்லாம் பார்க்கவில்லை. கால் கட்டிய கதையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அதில் இளைய வேலைக்காரன்தான் ஆசைப்பட வேண்டிய வேஷம். நீயாகவே அதை எனக்குக் கொடுத்துவிட்டாய். உனக்குக்கூட நல்ல மனசு இருக்கிறதே என்று தகஹிசாவிடம் சொன்னேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். என் கல்யாண விருந்தில் எல்லாரும் கேட்டார்கள் என்று நான் தொகுசா வீட்டுப் பாணியில் ஒரு சிரிப்பு சிரித்துக் காட்டினேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று நீ என்ன சொன்னாய்? "தப்பு. சிரிப்பு அடிவயித்துல தொடங்கி மேல ஏறணும். நீ மேலேருந்து கீழ எறக்கற." அறுபது பேர் நடுவில், கல்யாணப் பெண்ணின் சிரிப்பைத் திருத்திய அண்ணன் இந்த ஜப்பானிலேயே நீ ஒருவன்தான் இருப்பாய்! இங்கே சிரிப்பு மேலிருந்துதான் இறங்கும். நான் சரியாகத்தான் சிரித்தேன்.

வருகிறேன். ஆனால் ஒத்திகைக்கு அங்கே வர மாட்டேன். அப்பா தன் வாயால் வா என்று சொல்லாத வீட்டுக்குள் நான் எந்த வாசல் வழியாக நுழைவது? நேரே மேடைக்கு வருகிறேன். அங்கே பார்த்துக்கொள்வோம்.

கயனோ


கியோத்தோ
பிப்ரவரி 20

கயனோவுக்கு,

பிளம் மரம் முழுக்கப் பூத்துவிட்டது. உனக்குப் பூ வேண்டாம் என்றால் இந்த வரியைத் தாண்டிப் படி.

ஒத்திகைக்கு வர மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? வழக்கமாகவே நம் தொழிலில் ஒரு முறைதான் சேர்ந்து பார்ப்பார்கள். அந்த ஒரு முறையும் இல்லாமல், இரண்டு பாணிக்காரர்கள், காலையும் கட்டிக்கொண்டு! அப்பாவிடம் புகார் சொன்னேன். அவர் உன் பக்கம் சாய்ந்துவிட்டார். "ஒத்திகை எதுக்கு? ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காலு இருக்கு. கட்டிவிட்டா நடந்துட்டுப் போறீங்க" என்றார். ஒரு வசனத்தில் ஒரு மூச்சு மாறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிற மனிதரா இது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆகவே எழுத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம். என் இடது காலும் உன் வலது காலும். கயிறு எங்களுடையது, சணல் அல்ல, பருத்தி. நீளம் ஒரு முழம். அதற்குக் குறைந்தால் முதுகில் ஏற முடியாது. நீ முதலில் "அண்ணே, வாசனை வருது" என்பாய். எங்கள் பாடத்தில் அது "அண்ணே, மூக்கைத் துளைக்குது". எதைச் சொன்னாலும் நான் சமாளித்துக்கொள்வேன். பீப்பாயைப் பார்த்ததும் நான் "ஒருத்தன் குனியணும், ஒருத்தன் ஏறணும்" என்பேன். அதற்கு மேல் தெரிந்ததுதானே, அதை எழுதிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரு செய்தி. பயறு வைத்த மோச்சிக் கொழுக்கட்டையை நிறுத்திவிட்டேன். எனக்கு அது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று உனக்குத் தெரியும். உனக்காகத்தான்.

மொதோயசு


நகோயா
மார்ச் 3

அண்ணாவுக்கு,

இத்துடன் ஒரு பெட்டி அரிசி மாவு அல்வா அனுப்பியிருக்கிறேன். பச்சைத் தேயிலை போட்டது. நீ தியாகம் செய்துகொண்டிருக்கும்போது உன் எதிரில் அம்மா அதைச் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

அப்புறம் நீ மட்டும்தான் தியாகியா? நான் வறுத்த இறாலை நிறுத்தியிருக்கிறேன். இறாலுக்குப் பேர்போன நகோயாவில் இருந்துகொண்டு! அதுவும் உனக்காகத்தான். நீ எனக்காக, நான் உனக்காக என்று இருவரும் பட்டினி கிடப்பதைப் பார்த்து தகஹிசா சிரிக்கிறார். "உங்க வீட்டுல பாசத்தைக் காட்ட வேற வழியே இல்லையா?" என்கிறார். தினமும் அவரோடுதான் நாடகத்தைப் பயிற்சி செய்கிறேன். நேற்று இருவரும் சேர்ந்து விழுந்து கதவுக் காகிதத்தைக் கிழித்துவிட்டோம். மாமியார் பசை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணா, எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பயம் என்று நினைக்காதே. திருவிழாவுக்கு முதல் நாள் மாதிரி இருக்கிறது. மார்க்கெட்டில் மீன்காரர் பாக்கிச் சில்லறை கொடுக்கும்போதுகூட வாய்க்குள் வசனம் ஓடுகிறது. "என்னம்மா, மொணமொணன்னு சாபம் விடறீங்களா?" என்று கேட்டார்.

ஆனால் ஒன்று. ஜனம் சிரிக்கவில்லை என்றால்? அப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். அதோடு முடிந்தது என்றால் முடிந்ததுதான். ஆறு வருடத்தைத் தாங்கினேன். ஒரே மேடையில் ஒரு தடவை நின்றுவிட்டு மறுபடியும் இல்லை என்றால் என்னால் தாங்க முடியாது. இதை நேரில் உன்னிடம் சொல்ல மாட்டேன், அதனால் எழுதுகிறேன். உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. என்னை விட்டுவிடாதே.

கயனோ


கியோத்தோ
மார்ச் 28

கயனோவுக்கு,

செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. அவ்வளவுதான் பூ.

நாகஹாமாவில் இடம் எல்லாம் விற்றுப்போய்விட்டதாம். மரத்தடியில் பாய் விரிக்கப் போகிறார்கள். சோயா சாஸ்காரர் தினமும் போன் செய்து "சிரிப்பு வரும் இல்லீங்களா? சிரிப்பு வரும் இல்லீங்களா?" என்று என் உயிரை எடுக்கிறார். வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 

இன்னொன்று, உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. நேற்று அப்பா பிரித்து வைத்த சாமானில் மேடைக்கான மஞ்சள் காலுறை புதிதாக மூன்று ஜோடி. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது ரொம்பச் சின்னது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "அவளுக்கு இன்னும் அதே காலுதானே?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "நீ என்னத்த அண்ணன்?" என்று திட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

காலுறையை நீ கொண்டு வர வேண்டாம்.

மொதோயசு


நகோயா
ஏப்ரல் 16

அண்ணா! அண்ணா! அண்ணா!

மறுநாள் இங்கே நாடகம் இருந்ததால் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன், உன்னிடம் நாலு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், தெரியும். ஆனால் நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

அப்பா கயிற்றைக் கட்டினார். ஆறு வருடம் கழித்து அவர் என்னைத் தொட்டது என் கணுக்காலை. முடிச்சை இழுத்துப் பார்த்தார், காலுறை சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒரு தடவு தடவினார், எந்தப் பாணியிலும் அது கிடையாது. அப்புறம் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நாம் பேச ஆரம்பித்தோம். எவ்வளவு நன்றாகப் போயிற்று! நீ ஒரு வசனம் போட, நான் ஒன்று போட, வேறு வேறு பாடம் என்றே யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசைத் தாத்தா ஒருவர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

அப்போது நீ "ஒருத்தன் குனியணும், ஒருத்தன் ஏறணும்" என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் வந்தேன். நீ என் முதுகுக்குப் பின்னால் வந்தாய்!

நீ தப்பு செய்கிறாய் என்று நினைத்து மறுபடி சுற்றி வந்தேன். நீயும் சுற்றினாய். வாலைத் துரத்துகிற நாய் மாதிரி இரண்டு பேரும் மேடை நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். உன் தோளை நான் அமுக்க, என் தோளை நீ அமுக்க, அப்புறம் நடந்த பேச்சு எந்த ஏட்டில் இருக்கிறது?

"குனிங்கண்ணே!"

"நீ குனிடா!"

"மூத்தவன்தானே சுமக்கணும்!"

"எந்த ஊரு நியாயம்? மூத்தவன்தான் ஏறுவான்!"

"எங்க வீட்டுல எளையவன்தான் ஏறுவான்!"

"எங்க வீட்டுல அப்படிக் கிடையாது!"

அந்த நொடியில் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் விளங்கிவிட்டது. உங்கள் பாடத்தில் மூத்தவன் ஏறுகிறான், எங்கள் பாடத்தில் இளையவன் ஏறுகிறான்! கயிற்றின் நீளத்தை எழுதினோம், கயிற்றின் ஜாதியை எழுதினோம், மோச்சியை விட்டோம், இறாலை விட்டோம். யார் முதுகில் யார் என்பதை மட்டும் இரண்டு பேரும் எழுதவில்லை. இதைக்கூடவா எழுத வேண்டும் என்று நினைத்தோம்! இரண்டு மாதமாக நீயும் நானும் சுமக்கப்படுவதற்காக இளைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குக் காது அடைத்தது. சரி, விட்டுக்கொடுப்போம் என்று நான் குனிந்தேன். பார்த்தால் நீயும் குனிந்திருக்கிறாய். இரண்டு முதுகு இருக்கிறது, ஏற ஆள் இல்லை. மரத்தடிப் பாயில் யாரோ புரண்டு புரண்டு சிரிப்பது கேட்டது. நிமிர்ந்தேன், நீயும் நிமிர்ந்தாய். அப்புறம் நீ மட்டும் குனிந்தாய். குனிந்தவன் நிமிரவே இல்லை.

மேடையில் நீ வீட்டுப் பாடத்தை மீறி நான் பார்த்ததே கிடையாது. கயிறு முழுக்க இழுபட, அந்த முதுகில் ஏறினேன். ஏறும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே தெரியாமல் விசிறியால் மறைத்துக்கொண்டேன். பீப்பாயைப் பிடித்தேன், குடித்தேன், உன் வாயில் ஊற்றினேன், ஆடினேன். இறங்கியதும் எனக்கு என்ன தோன்றியதோ, "இப்ப நீங்க ஏறுங்கண்ணே" என்று குனிந்தேன். நீயும் ஏறிவிட்டாயே, பாவி! மோச்சியை நிறுத்தியது பொய். பொய்யேதான். இரண்டு பேரும் குப்புற விழுந்தோம். விழுந்தபடியே நான் சிரித்துவிட்டேன். நடிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. மேடையில் நடிகர் சிரிக்கக் கூடாது என்று தெரியும், நிறுத்த முடியவில்லை.

எஜமான் வர இன்னும் நேரம் இருந்தது. அப்பா முன்னாலேயே எழுந்து வந்துவிட்டார். "விடமாட்டேன், விடமாட்டேன்!" என்று அவர் துரத்த, நாம் பிணைத்த காலோடு நொண்டி நொண்டி மேடையை ஒட்டிய நடைப்பாலத்தில் ஓட, திரை உயர்ந்தது, உள்ளே வந்தோம், திரை இறங்கியது. அங்கே நாடகம் முடிந்துவிடும். நீ குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அப்பா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். விடவில்லை. வெளியே கைதட்டல் ஓய்ந்த பிறகும் ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில், "விடமாட்டேன், விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரயிலில் முழு வழியும் அழுதுகொண்டே வந்தேன். கூட வந்த தகஹிசா சோற்றுப் பெட்டியில் இருந்த இறாலை எடுத்து என் வாயில் வைத்தார். தின்றேன். இனி எதற்கு விடுவது?

ஒரே ஒரு கேள்வி. உனக்குக் கண்ணும் காதும் அதிலேயே இருக்கும், தெரியும். விழுந்துகொண்டே சிரித்தேனே, அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் போயிற்று? மேலிருந்து கீழேயா, கீழிருந்து மேலேயா? மறைக்காமல் எழுது.

கயனோ


கியோத்தோ
ஏப்ரல் 20

கயனோவுக்கு,

கேட்டது. முடிச்சு அவிழ்ந்து ரொம்ப நேரம் ஆகியும் நான் குனிந்தே இருந்தேன்.

சோயா சாஸ்காரர் நேற்று ஒரு பீப்பாய் சாஸோடு வந்தார். அடுத்த வருடமும் அதையே போட வேண்டுமாம், ஒரு எழுத்து மாறாமல். எந்த எழுத்தை மாற்றாமல் இருப்பது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அப்பா எனக்கு முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு அம்மாதான் குட்டை உடைத்தாள். "உங்கப்பாவுக்குத் தெரியாதா? எளவயசுல அந்த வீட்டு நாடகம் ஒண்ணு விடாம திருட்டுத்தனமாப் போய்ப் பாத்தவராச்சே!" அப்பாவைப் பார்த்தேன். "ஆமா, தெரியும். அவங்க வீட்டுல சின்னவன் ஏறுவான்" என்றார். "அப்ப ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் கடுதாசியிலேயே சண்டை போட்டு முடிச்சிருப்பீங்க. அவ வந்திருக்க மாட்டா" என்றார். பிறகு நீ அனுப்பிய அல்வாவில் காய்ந்துபோன கடைசித் துண்டை எடுத்துத் தின்றார். இத்தனை நாளும் அம்மா தின்றுவிட்டாள் என்று நினைத்திருந்தேன், அவர்தான் தின்றிருக்கிறார்.

ஒத்திகைக்கு உன்னை வரச் சொல்லி எழுதும்படி சொன்னார். எந்த ஒத்திகை, அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்றேன். "அடுத்த வாரமே ஆரம்பிச்சாத்தான் சரியா வரும். முன் வாசல் வழியா வரச் சொல்லு. நான் சொன்னதா எழுது" என்றார். எழுதிவிட்டேன். உன் விசிறியைத் தூசு தட்டி மேடை அறையில் வைத்திருக்கிறார். காகிதம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

மோச்சியை நிஜமாகவே நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம்.

உன் சிரிப்பைப் பற்றிக் கேட்டாய். மேலிருந்து கீழேயா, கீழிருந்து மேலேயா என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மொதோயசு